கமிஷன் அவருக்கு, கையொப்பம் நமக்கு



சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று இரண்டாம் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்த பின்னரும், பங்கு இல்லத்துத் திண்ணையில் ஒருவர் நெடுநேரம் அமர்ந்திருந்தார். கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் வெல்டிங் காண்டிராக்ட் எடுத்துப் பன்னிரண்டு பேருக்கு வேலை கொடுத்து வருபவர். நல்ல உழைப்பாளி, குடியும் சூதும் அறியாதவர். அவர் நம்மிடம் நீட்டிய தாள் வருமானவரித் துறையின் அறிவிப்பு. அரசியல் கட்சி ஒன்றுக்கு அவர் 1,50,000 ரூபாய் நன்கொடை அளித்ததாகக் கணக்கில் காட்டியிருந்தாராம். அதற்குச் சான்று கேட்டிருந்தார்கள்.

"சாமி, நான் எந்தக் கட்சிக்கும் பத்து ரூபாய்கூடக் கொடுத்ததில்லை. பிடித்த டி.டி.எஸ். பணத்தைத் திரும்ப வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் வந்தார். ஓ.டி.பி. கேட்டார், சொன்னேன். பணமும் வந்தது. அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது."

"அந்த மனிதர் இப்போது எங்கே, தம்பி?"

"போனை எடுப்பதில்லை, சாமி."

இம்மாதம் நாம் உங்களோடு பேச விரும்புவது முழுவதும் இந்தச் சிறு உரையாடலில் அடங்கியிருக்கிறது. யோசனையை விற்றவர் மறைந்துவிட்டார். கையொப்பமிட்டவர் திண்ணையில் அமர்ந்திருக்கிறார்.

இது ஒருவருக்கு மட்டும் நேர்ந்த விபத்தன்று. 2025 ஜூலை 14 அன்று வருமானவரித் துறை, பொய்க் கழிவுகளைக் காட்டிக் கணக்குத் தாக்கல் செய்து கொடுக்கும் இடைத்தரகர்களைக் குறிவைத்து, நாடு தழுவிய சோதனையைத் தொடங்கியது. மத்திய நேரடி வரிகள் வாரியம் அன்று வெளியிட்ட அறிக்கையில் தமிழ்நாட்டின் பெயரும் இருந்தது. கட்சி நன்கொடை, அறக்கொடை, வீட்டு வாடகை, மருத்துவச் செலவு, கல்விக் கடன் வட்டி ஆகியவற்றின் பெயரால் பொய்கள் புனையப்பட்டிருந்தன. அதற்கு முந்திய நான்கு மாதங்களில் ஏறத்தாழ 40,000 பேர் தாமாகவே முன்வந்து, 1,045 கோடி ரூபாய் அளவுக்குப் பொய்க் கோரிக்கைகளைத் திரும்பப் பெற்றிருந்தனர். அவ்வறிக்கை சுட்டிய இன்னொரு செய்தியும் உண்டு. தரகர்கள் தாங்களே தற்காலிக மின்னஞ்சல் முகவரிகளை உருவாக்கிக் கணக்குகளைத் தாக்கல் செய்தபின், அவற்றைக் கைவிட்டுவிடுகின்றனர். துறை அனுப்பும் அறிவிப்புகள் யாருமே திறக்காத அஞ்சலில் கிடக்கின்றன. உரியவருக்குச் செய்தி எட்டுவதற்குள் காலக்கெடு கழிந்துவிடுகிறது!

நம் நண்பரை நேர்மையான ஆடிட்டர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் போட்டுக் காட்டிய கணக்கை எளிமைப்படுத்தி இங்கே தருகிறோம். 2023-24 நிதியாண்டில் நண்பருக்கு வந்த காண்டிராக்ட் வரவு 40 லட்சம். தனிநபர் காண்டிராக்டருக்குப் பிடிக்க வேண்டிய டி.டி.எஸ். 1 சதவீதம் என்பதால், கம்பெனிகள் 40,000 ரூபாய் பிடித்திருந்தன. கூலி, வெல்டிங் ராடு, காஸ், வண்டிச் செலவு யாவும் போக அவருக்கு நின்ற உண்மையான இலாபம் ஆறரை லட்சம். தரகர் பழைய வரி முறையைத் தேர்ந்து, பொய் நன்கொடையைக் கழித்து, வருமானத்தை 5 லட்சமாகக் காட்டினார். வரி இல்லை என்றாகி 40,000 ரூபாய் திரும்பி வந்தது. கமிஷனாக அவர் 10,000 ரூபாய் பெற்றுக்கொண்டார்.

இப்போது அந்தப் பொய்யை நீக்கினால், பழைய முறையில் ஆறரை லட்சத்துக்கு வரி 44,200 ரூபாய். வேண்டுமென்றே தவறான தகவல் தந்ததாகக் கொண்டால், வரியைப் போல் இரு மடங்கு, அதாவது 88,400 ரூபாய் வரை அபராதம் விதிக்கப்படலாம். வட்டி தனி. கைக்கு வந்ததோ 30,000. கையை விட்டுப் போகக்கூடியதோ 1,32,600க்கும் மேல்!

இதனினும் வேதனையான ஒன்றை ஆடிட்டர் இறுதியில் சொன்னார். அந்த ஆண்டில் புதிய வரி முறையில் 7 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்கு வரியே இல்லை. ஆறரை லட்சத்தை உள்ளபடியே காட்டியிருந்தால், அந்த 40,000 ரூபாயும் முறைப்படி, ஒரு பொய்யும் இன்றி, அவருக்கே திரும்பி வந்திருக்கும். தமக்கு உரிய பணத்தைப் பெறுவதற்கு, தேவையே இல்லாத பொய்யை அவர் பத்தாயிரம் கொடுத்து வாங்கியிருக்கிறார்!

அன்பர்களே, சிறு காண்டிராக்டர்களுக்குச் சட்டமே தந்துள்ள சலுகைகளை அறியாமையால்தான் நம்மவர் பலர் தரகர் கையில் சிக்குகின்றனர். ஆண்டு வரவு 2 கோடிக்கு மேற்படாத சிறுதொழில் செய்வோர், முழுக் கணக்குப் புத்தகம் வைக்காமலேயே, வங்கி வழியாக வந்த வரவில் 6 சதவீதத்தையும், ரொக்கமாக வந்ததில் 8 சதவீதத்தையும் குறைந்தபட்ச வருமானமாகக் காட்டலாம். உண்மை இலாபம் அதனினும் மிகுதியானால் மிகுதியைத்தான் காட்ட வேண்டும். 2025-26 நிதியாண்டு முதல் புதிய முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரி இல்லை. இவ்வளவும் இருக்க, குறுக்கு வழி எதற்கு?

இரண்டாவது வலை ஜி.எஸ்.டி.யில் விரிக்கப்படுகிறது. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு செய்துகொள்ள வேண்டும். 18 சதவீத வரியை வசூலித்து அரசுக்குச் செலுத்துகையில், நாம் வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம். இங்கேதான் பட்டியல் வணிகர் நுழைகிறார். சரக்கு ஏதும் வராது. பில் மட்டும் வரும். சிறு கமிஷன் கொடுத்தால் போதும், கட்டாத வரியைக் கட்டியதாகக் காட்டிக் கழித்துக்கொள்ளலாம் என்பார். 2023 மே 16 முதல் ஜூலை 15 வரை நாடெங்கும் நடந்த சோதனையில், பதிவு பெற்ற 21,791 நிறுவனங்கள் உண்மையில் இல்லாதவை என்று கண்டறியப்பட்டன. சந்தேகத்துக்குரிய ஏய்ப்பு 24,010 கோடி ரூபாய். அத்தகைய பில்லை வாங்கியவர், கழித்த வரியையும் வட்டியையும், மோசடி என்று முடிவானால் வரிக்கு நிகரான அபராதத்தையும் கட்ட நேரும்.

இந்த இல்லாத நிறுவனங்கள் யார் பெயரில் பிறக்கின்றன? இதைத் தாய்மார்கள் கவனமாகக் கேட்க வேண்டும். வேலை வாங்கித் தருகிறோம், கடன் வாங்கித் தருகிறோம் என்று கூறி, ஆதார், பான் கார்டு, மின் கட்டண ரசீது ஆகியவற்றைப் பெற்று, ஏழைகளின் பெயரிலேயே பதிவு செய்கிறார்கள். கூலி வேலை செய்யும் ஒருவருக்குக் கோடிக்கணக்கில் வரி கேட்டுத் தாள் வரும்போதுதான் உண்மை வெளிப்படுகிறது. ஜி.எஸ்.டி. இணையதளத்தில் பான் எண்ணை இட்டால், அந்த எண்ணில் எத்தனை பதிவுகள் உள்ளன என்பதை எவரும் பார்க்கலாம். பள்ளியில் படிக்கும் உங்கள் பிள்ளையைக் கொண்டு இன்றே பார்த்துவிடுங்கள்.

இந்த நோய் நம் நாட்டில் மட்டும் உள்ளதன்று. இங்கிலாந்தில் காண்டிராக்ட் முறையில் பணிசெய்த பலருக்கு, ஊதியத்தை ஊதியமாகத் தராமல், திருப்பிக் கேட்கப்படாத 'கடனாக'த் தந்தால் வரியே இல்லை என்று சொல்லித் திட்டங்கள் விற்கப்பட்டன. 2017இல் அந்நாடு சட்டம் இயற்றி, 2019 ஏப்ரல் 5 அன்று தீராமல் நின்ற கடன்களை வருமானமாகக் கொண்டு வரி விதித்தது. செவிலியரும் சமூகப் பணியாளரும்கூட அதில் சிக்கினர். அங்கும் சுமை விழுந்தது, திட்டத்தை வாங்கியவர் தலையில்தான்.

அப்படியானால் ஐயத்துக்குரிய யோசனையை எப்படி அறிந்துகொள்வது? ஐந்து அடையாளங்களைச் சொல்கிறோம்.

முதலாவது, கூலியைத் திரும்பி வரும் தொகையில் இத்தனை சதவீதம் என்று கேட்பவர். பொய் பெருகப் பெருக அவர் வரவும் பெருகும் அன்றோ!

இரண்டாவது, உங்கள் காகிதங்களைப் பார்க்கும் முன்னரே இவ்வளவு வாங்கித் தருகிறேன் என்று வாக்களிப்பவர்.

மூன்றாவது, உங்கள் கணக்கில் தம்முடைய கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் பதிபவர்.

நான்காவது, தாக்கல் செய்ததன் நகலைத் தர மறுப்பவர். எதையும் எழுத்தில் தராதவர்.

ஐந்தாவது, சரக்கு வராத பில்லுக்கும், வங்கியில் போய் ரொக்கமாகத் திரும்பி வரும் பணத்துக்கும் ஏற்பாடு செய்பவர்.

இந்த ஐந்தில் ஒன்று தென்பட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

நம் பக்கத்துக் குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஐயாயிரம் கொடுத்துவிட்டு ஐம்பதாயிரத்துக்கு ரசீது கேட்பவர்கள் பங்கு இல்லத்துக்கும் வருகிறார்கள். "கோவிலுக்கும் நன்மைதானே, சாமி" என்கிறார்கள். பொய் ரசீதில் வரும் ஐயாயிரம் ஆலயத்துக்கு வேண்டாம் என்பதே நமது மறுமொழி.

ஏற்கெனவே தவறியவர்கள் மனம் தளர வேண்டாம். அறிவிப்பு வருமுன்னரே திருத்திய கணக்கைத் தாக்கல் செய்யச் சட்டம் நான்கு ஆண்டுகள் வரை இடம் தருகிறது. வரியும் வட்டியும் சேர்ந்த தொகையின்மேல் கூடுதலாக, முதல் ஆண்டில் 25 சதவீதமும், பின்னர் 50, 60, 70 என்று ஏறியும் செலுத்த வேண்டும். ஆதலால் நாளை என்பதைவிட இன்று என்பது மலிவு. அறிவிப்பு வந்துவிட்டவர் அதை மடித்துப் பீரோவில் வைக்காமல், தகுதி பெற்ற ஆடிட்டரிடம் எடுத்துச் சென்று உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுக்கட்டும். ஆயக்காரரான சக்கேயுவும் மரத்திலிருந்து இறங்கி வந்து கணக்கைத் திருத்திக்கொண்டவர்தாமே!

நம் நண்பர் அந்த வாரமே உண்மையை எழுதிப் பதில் அனுப்பிவிட்டார். அபராதம் எவ்வளவு என்பது இன்னும் முடிவாகவில்லை. "பணம் போனாலும் இரவில் தூக்கம் வருகிறது, சாமி" என்றார். தரகர் சொல்லிக்கொடுத்திருந்த கடவுச்சொல்லை மாற்றி, தம் சொந்தக் கைப்பேசி எண்ணைப் பதிந்துகொண்டிருக்கிறார். இவ்விதழை மூடிவைக்கும் முன் நீங்களும் உங்கள் கணக்கில் யாருடைய எண் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.