குறிஞ்சி என்னும் பெயர்

பாட்டன் பெயரைத் தாங்குபவனைப் பெயரன் என்று அழைத்தனர் நம் முன்னோர். அவ்வழக்கத்தால் பழனிமலையைச் சூழ்ந்த ஊர்களில் பழனியப்பன், பழனிச்சாமி, பழனியம்மாள் என்னும் பெயர்கள் தலைமுறைதோறும் பெருகின. தெருவில் நின்று ‘பழனி’ என்று அழைத்தால் நால்வர் திரும்பிப் பார்ப்பர். இக்காலப் பெற்றோரோ, பிறர்க்கு இல்லாத பெயரைத் தம் குழந்தைக்குத் தேடுகின்றனர். அவ்விருப்பம் தவறன்று. ஆயினும், அருமை ஒன்றே ஒரு பெயருக்குப் போதுமா?

பழனி மலைத்தொடரின் உச்சியில் உள்ளது கோடைக்கானல். அங்கே பன்னிரண்டு ஆண்டுகட்கு ஒருமுறை குறிஞ்சி பூக்கிறது. 2006ஆம் ஆண்டிலும் 2018ஆம் ஆண்டிலும் அம்மலைச் சரிவுகள் நீலப் போர்வை போர்த்து நின்றன. அடுத்த பூப்பு 2030ஆம் ஆண்டில் வரும் என்பர். மேனாட்டிற் பிறந்து, இந்து சமயத்தைத் தழுவி, இலீலாவதி எனப் பெயர் பூண்ட அம்மையார் ஒருவர், 1936ஆம் ஆண்டில் அங்கே முருகனுக்குக் கோயில் எடுப்பித்தார். அக்கோயிலில் முருகன் குறிஞ்சி ஆண்டவர் என்றே வழங்கப்பெறுகிறான்.

மலரின் பெயரே மலைநிலத்தின் பெயருமாயிற்று. பண் ஒன்றும் அப்பெயரைப் பெற்றது. கபிலர் தொண்ணூற்றொன்பது மலர்களை அடுக்கிப் பாடிய பாட்டின் பெயரும் குறிஞ்சிப்பாட்டே. ஆகவே, ஒரு பெண்மகவுக்குக் குறிஞ்சி என்று பெயரிட்டால், அஃது அரிய பெயராகும். ஆனால் அயற்பெயர் ஆகாது. நா. பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மலர்’ என்னும் புதினத்தில் உள்ளம் தோய்ந்தவர் பலர், தம் மக்களுக்கு அதன் மாந்தராகிய அரவிந்தன், பூரணி என்போரின் பெயர்களைச் சூட்டினர். நூலின் தலைப்பில் நின்ற குறிஞ்சியோ, பெயராக இன்றும் அரிதாகவே உள்ளது.

பெயரிடுவதோடு பெற்றோர் கடமை ஒருவாறு முடிகிறது; அழைப்போர் கடமை அப்போதுதான் தொடங்குகிறது. குறிஞ்சியில் வருவது வல்லின றகரம். நாவின் நுனி அண்ணத்தை நன்கு அழுத்தப் பிறப்பது அது. மெல்ல வருடப் பிறப்பவை ரகரமும் ழகரமும். இவ்வேறுபாட்டை நன்னூல் தெளிவாகக் கூறுகிறது. நாமோ குறிஞ்சியைக் ‘குரிஞ்சி’ ஆக்குகிறோம். பழனியை, அம்மலையடியில் வாழ்வோருள்ளும் பலர், ‘பளனி’ என்கின்றனர். ஆங்கில எழுத்தில் பெயரை எழுதிப் படிக்கும் பழக்கம் இக்குழப்பத்தை வளர்க்கிறது. றகரத்திற்கும் ரகரத்திற்கும் அங்கே ஒரே எழுத்து. பழனியில் உள்ள ழகரத்திற்கோ லகரத்திற்குரிய எழுத்தையே இடுகின்றனர்.

“யாரை அழைக்கிறோம் என்பது விளங்கினால் போதாதா?” என்று சிலர் வினவலாம். போதாது. ஒரு தொடரில் ஒரு சொல் பிழைபட்டால், அருகில் உள்ள சொற்கள் அதன் பொருளைக் காட்டிவிடும். பெயர் தனித்து நிற்பது. அதற்கு ஒலியே காவல். அரிய பெயருக்கு அக்காவல் இன்னும் வேண்டும். பலர் வாயில் பயின்று திருந்தும் வாய்ப்பு அதற்கு இல்லை. நாள்தோறும் பிழைபட அழைக்கப்படும் குழந்தை, ஒரு நாள் தானும் அவ்வாறே தன் பெயரைச் சொல்லத் தொடங்கும். அன்று, பெற்றோர் சூட்டிய பெயர் ஏட்டில் மட்டுமே எஞ்சும்.

மாணவர்களே! உங்கள் வகுப்பில் கேட்டறியாத பெயருடைய ஒருவர் வந்து சேர்ந்தால், நகையாதீர்கள், சுருக்காதீர்கள். “உன் பெயரை எவ்வாறு ஒலிக்க வேண்டும்?” என்று ஒருமுறை கேளுங்கள். தமிழ்ப் பெயராயினும் பிறமொழிப் பெயராயினும், அவர் சொன்னவாறே சொல்லிப் பழகுங்கள். உங்கள் பெயரையும் தயங்காது, திருத்தமாகச் சொல்லுங்கள். நம் பெயர் நமக்கு உரியது. ஆனால் அது வாழ்வது பிறர் நாவிலே. ஆதலின், ஒருவர் பெயரை மற்றவர் காப்பதே முறை.