ஒப்புக்குச் சப்பாணிக்கும் நாலு பை!



நடுக்கடலில் போய்க்கொண்டிருக்கும் கப்பலின் மேல்தளத்தில் கிரிக்கெட் ஆட முடியுமா? முடியும். முதல் சிக்சர் வரை ஆடலாம்! அதற்குப் பிறகு அந்தப் பந்து மீன்களுக்குச் சொந்தம். "நான் போய் எடுத்துட்டு வாரேன்" என்று யாரும் குதிக்கவும் முடியாது.

இந்தச் சிக்கல் கப்பல் பயணிகளுக்கு நூறு வருஷத்துக்கு முன்பே இருந்தது. விமானம் வருவதற்கு முந்தைய காலம். தூரதேசம் போகிறவர்கள் வாரக்கணக்கில் கப்பலிலேயே கிடக்க வேண்டும். பொழுது போக வேண்டுமே! பந்து சரிப்பட்டு வராது என்று தெரிந்ததும், துள்ளாத, உருண்டு ஓடாத பொருள்களாகப் பார்த்து எடுத்தார்கள். கப்பலில் கயிற்றுக்கா பஞ்சம்? கயிற்றை வளையமாகக் கட்டி, நட்டுவைத்த முளையில் போய் மாட்டும்படி வீசினார்கள். தட்டையான மரவில்லைகளை நீளக் கோலால் தள்ளி, தரையில் போட்ட கட்டங்களுக்குள் நிறுத்தினார்கள். இன்றைய சொகுசுக் கப்பல்களில் இன்னொரு ஆட்டமும் சேர்ந்துகொண்டது. அதுதான் பை எறிதல்.

சொகுசுக் கப்பல் என்றதும் எங்கேயோ அமெரிக்காவில் என்று நினைக்க வேண்டாம். 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்தில் இருந்தே அப்படி ஒரு கப்பல் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. நாம் அதில் ஏற வேண்டியதில்லை. ஆட்டத்தை மட்டும் கீழே இறக்கிக்கொள்வோம்.

ஆட்டம் இதுதான். 4 அடி நீளம், 2 அடி அகலத்தில் ஒரு பலகை. முன்பக்கம் தாழ்ந்து, பின்பக்கம் 1 அடி உயர்ந்து, சாய்வாக நிற்கும். உயரமான பக்கத்தில் 6 அங்குலத்துக்கு வட்டமான ஓட்டை. இதேபோல எதிரில் இன்னொரு பலகை. இரண்டுக்கும் நடுவே 27 அடி. சிறுவர்கள் என்றால் 21 அடி போதும். ஆளுக்கு 4 துணிப்பைகள். ஒவ்வொன்றும் 6 அங்குலச் சதுரம். எடை அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கையைக் கீழிருந்து மேலே வீசி, மாறி மாறி எறிய வேண்டும். பை பலகையில் தங்கினால் 1 புள்ளி. ஓட்டைக்குள் விழுந்தால் 3.

புள்ளி எண்ணுவதில்தான் வேடிக்கை. ஒரு சுற்றில் நீங்கள் 5 எடுத்து, எதிராளி 4 எடுத்தால் உங்களுக்கு 5 கிடைக்காது. 4-ஐக் கழித்துவிட்டு, மிச்சம் 1 மட்டும்தான். முதலில் 21 தொடுகிறவர் ஜெயித்தார். இன்னொரு குறும்பும் உண்டு. நீங்கள் எறிந்த பை வேகமாகச் சறுக்கிப் போய், எதிராளியின் பையை ஓட்டைக்குள் தள்ளிவிட்டால் அந்த 3 புள்ளி அவருக்கு! அதனால் கை வலு மட்டும் இருந்தால் போதாது. எதை எப்போது தள்ளலாம், எங்கே மறித்துப் போடலாம் என்று யோசிக்க வேண்டும்.

பை ஏன் உருளாது தெரியுமா? பந்து தரையில் மோதினால் அமுங்கி, உடனே பழைய உருவத்துக்குத் திரும்பும். அந்த வேகத்தில் எழும்பிவிடும். பைக்குள்ளே இருப்பதோ நூற்றுக்கணக்கான விதைகள். விழுந்ததும் அவை ஒன்றோடொன்று உரசி, ஒதுங்கி, வந்த வேகத்தையெல்லாம் தங்களுக்குள்ளேயே தின்றுவிடுகின்றன. பொத்தென்று விழுந்து அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். அமெரிக்காவில் இதற்கு 'கார்ன்ஹோல்' என்று பெயர். மக்காச்சோளத்தை நிரப்பியதால் வந்த பெயர். அருப்புக்கோட்டைப் பக்கத்துக் காடுகளில் விளைகிறதே, அதே மக்காச்சோளம்தான்.

சரி, அருப்புக்கோட்டையில் கடலும் இல்லை, கப்பலும் இல்லை. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் எட்டயபுரம் தாண்டித் தூத்துக்குடி வரை போக வேண்டும். திருச்சுழியில் குண்டாறு ஓடுகிறது என்று பெயர்; அதில் தண்ணீரைப் பார்ப்பதே அபூர்வம். இந்த வறண்ட பூமியில் கப்பல் விளையாட்டு எதற்கு என்கிறீர்களா?

உங்கள் பந்து எங்கே போகிறது என்று யோசித்துப் பாருங்கள். கப்பல்காரன் பந்தைக் கடல் விழுங்கும். உங்கள் பந்தைச் சீமைக்கருவேல் விழுங்கும்! ஊரைச் சுற்றி, கண்மாய்க்குள், பள்ளிக்கூடத்து வேலியோரம் எங்கும் அந்த முள்தானே? ரப்பர் பந்து ஒரு முறை உள்ளே போனால் 'புஸ்'. எடுக்கப் போனவன் காலிலும் முள். கடலைச் சமாளிக்க அவர்கள் கண்டுபிடித்தது முள்ளைச் சமாளிக்க நமக்கும் உதவும். பையில் முள் குத்தினால் குத்திவிட்டுப் போகட்டும், காற்றா இறங்கப் போகிறது?

கப்பல் விளையாட்டு நம் ஊருக்குப் புதிதும் இல்லை. உங்கள் பள்ளியில் 'ரிங்' ஆடுகிறீர்களே, டென்னிகாய்ட், வளையப்பந்து என்று சொல்கிறோமே, அது கப்பல் தளத்தில் ஆடிய ஆட்டம்தான். வலையைக் குறுக்கே கட்டி, கயிற்று வளையத்தை எறிந்து பிடித்தார்கள். 1920-களில் ஹெர்மான் ஷ்னைடர் என்ற ஜெர்மானியர் கப்பலில் இதைப் பார்த்துவிட்டு, தன் ஊரான கார்ல்ஸ்ரூஹேயில் பரப்பினார். கயிறு போய் ரப்பர் வளையம் வந்தது. பாரதியார் தின, குடியரசு தினப் போட்டிகளில் தமிழகப் பள்ளிப் பிள்ளைகள் இதை ஆடுகிறார்கள். இதன் முதல் உலகக் கோப்பைப் போட்டி 2006-ல் எங்கே நடந்தது தெரியுமா? சென்னையில்! கடலில் ஆடிய ஆட்டம் கரையேறிப் பள்ளிக்கூடத்துக்குள் வந்தாயிற்று. பை எறிதலும் வரட்டுமே.

இனி, நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

விளையாட்டுப் பீரியடு மணி அடிக்கிறது. ஒரு மட்டை, ஒரு பந்து. வகுப்பிலோ நாற்பது பேர். ஒருவன் அடிக்கிறான், ஒருவன் போடுகிறான், பத்துப் பேர் ஓடுகிறார்கள். மிச்சப் பேர்? வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் யார் யார் என்று என்றைக்காவது கவனித்தீர்களா? பெரும்பாலும் பெண் பிள்ளைகள். மூச்சு இரைக்கிறவன் ஒருவன். கண்ணாடி உடைந்தால் வீட்டில் அடி விழும் என்று பயப்படுகிறவள் ஒருத்தி. கொஞ்சம் குண்டாக இருக்கிறவன். காலில் குறை உள்ளவன். ஊரில் சாயங்காலம் என்றால், இடுப்பில் கைக்குழந்தைத் தம்பியை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கும் ஓர் அக்காவும் இருப்பாள்.

இவர்களில் யாராவது ரொம்பக் கெஞ்சினால் என்ன செய்வோம்? "சரி, நீ ஒப்புக்குச் சப்பாணி" என்று சேர்த்துக்கொள்வோம். ஆட்டத்தில் இருப்பார், ஆனால் கணக்கில் இருக்க மாட்டார். அவரை யாரும் அவுட் ஆக்க வேண்டியதில்லை. அவர் எடுக்கும் ரன்னும் எந்தப் பக்கமும் சேராது. கருணையோடுதான் சேர்க்கிறோம் என்று நமக்கு நினைப்பு. சப்பாணி என்றால் நடக்க முடியாதவர். நடக்க முடியாதவர் கணக்கிலேயே இல்லை என்று அந்த வார்த்தை சொல்கிறது. எனக்கு அந்த வார்த்தை பிடிக்கவே இல்லை.

போச்சியா என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. மூளை முடக்குவாதத்தால் கை, கால்களை நினைத்தபடி அசைக்க முடியாதவர்கள், சக்கர நாற்காலியில் இருந்தபடி ஆடுவது. அந்தப் பந்தும் துள்ளாது; உள்ளே மணிகள் நிரப்பிய, மெத்தென்ற தோல்பந்து. ஒரு பக்கம் 6 சிவப்பு, இன்னொரு பக்கம் 6 நீலம். முதலில் ஒரு வெள்ளைப் பந்தை உருட்டிவிட்டு, அதற்கு மிக அருகில் தன் பந்தை நிறுத்துகிறவருக்குப் புள்ளி. கையால் எறிய முடியாதவர்கள் சாய்வான ஒரு தடத்தின் வழியாக உருட்டிவிடலாம். 1984 முதல் இது பாராலிம்பிக் போட்டியில் இருக்கிறது. பதக்கம் தருகிறார்கள், தேசிய கீதம் இசைக்கிறார்கள். அங்கே யாரும் ஒப்புக்கு ஆடவில்லை!

பை எறிதலும் அதே ஜாதி ஆட்டம்தான். ஓட வேண்டாம். இரட்டையர் ஆட்டத்தில் கூட்டாளிகள் ஆளுக்கொரு பலகை அருகே நிற்பதால், பை எடுக்க நடந்துகொண்டே இருக்கவும் வேண்டாம். ஒரு கை போதும். இடுப்பில் தம்பி இருந்தாலும் அக்கா எறியலாம். வகுப்பிலேயே உயரமானவனை மூன்றாம் வகுப்புப் பாப்பா தோற்கடிக்கலாம். தாத்தாவையும் கூப்பிடலாம். கப்பல்களில் பேரனும் தாத்தாவும் ஒரே பலகையில் ஆடுவது சாதாரணம். மைதானமும் வேண்டாம். முப்பது, முப்பத்தைந்து அடி நீளம் உள்ள இடம் போதும். பள்ளி வராந்தா, மரத்தடி, தெரு முனை எதுவும் சரி. சித்திரை வெயில் கொளுத்தும்போது நிழலில் நின்று ஆடலாம்.

"இது அங்கன்வாடிப் பிள்ளைகள் விளையாட்டு" என்று சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். 21 அடியில் நின்று, நாலு பையில் இரண்டையாவது ஓட்டைக்குள் போட்டுவிட்டு வந்து சிரிக்கச் சொல்லுங்கள்.

"அப்போ ஓட வேண்டாமா? கபடி வேண்டாமா?" என்றும் கேட்பீர்கள். கட்டாயம் வேண்டும். ஓடினால்தான் நெஞ்சுக்கு வலு, காலுக்கு வலு. பை எறிதல் அதைத் தராது. கிரிக்கெட்டை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் என்னை ஊருக்குள் விடுவீர்களா? வேப்பமரத்தடியில் இரண்டு பலகையும் எட்டுப் பையும் இருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன். உங்கள் விளையாட்டு ஆசிரியரிடம் நீங்களே கேளுங்கள். காசு செலவில்லை என்றால் அவரும் மறுக்க மாட்டார்.

காசு செலவில்லைதான். தையல் கடையில் வெட்டிப் போட்ட துணி, அல்லது அப்பாவின் பழைய பேண்ட். கெட்டித் துணியாக இருந்தால் நல்லது. இரட்டைத் தையல் போடுங்கள். உள்ளே என்ன போடுவது? மக்காச்சோளம் சாப்பிடுகிற பொருள். அது எதற்கு வீணாக? தவிர, எலி ஒரே ராத்திரியில் ஆட்டத்தை முடித்துவிடும். கரிசல் மண் வேண்டாம். பொடிந்து தூசியாக வெளியே வரும், ஆடுகிறவர் சட்டையெல்லாம் கறுப்பு. பருத்திக்கொட்டை கனம் போதாது. என்னைக் கேட்டால் புளியங்கொட்டைதான் ராஜா. கெட்டி, வழவழப்பு, பைக்குள் சலசலவென்று சத்தமும் கேட்கும். பை நிறைய வேண்டாம். முக்கால்வாசி போட்டால்தான் தளதளவென்று விழும். சின்னப் பிள்ளைகளுக்குக் கால் கிலோ பையே போதும்.

பலகை கிடைக்காவிட்டால் தரையில் பழைய சைக்கிள் டயரைப் போட்டு, அதற்கு நடுவில் ஓர் ஓலைக் கொட்டானை வையுங்கள். டயருக்குள் விழுந்தால் 1, கொட்டானுக்குள் விழுந்தால் 3. சொளகைச் செங்கல் மேல் சாய்த்து வைத்தால் அசல் பலகை மாதிரியே இருக்கும். ஆனால் அம்மா பார்த்தால் நான் பொறுப்பில்லை.

இரண்டு அணி பிரிக்கும்போது ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாகக் கடைசியில் கூப்பிடுவீர்களே, அவர்தான் முதல் பையை எறிய வேண்டும். எட்டுப் பைக்கு ஏறக்குறைய மூன்றரைக் கிலோ புளியங்கொட்டை தேவைப்படும். மாசி, பங்குனியில் வீட்டில் புளி தட்டுவார்கள். கொட்டையை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று பாட்டியிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.