பிளக்கை ராவினால் பெட்ரோல் மிஞ்சுமா?

இலத்தூர்ப் பக்கம் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் இந்த யோசனை உங்கள் காதிலும் விழுந்திருக்கும்: "பிளக்கின் வளைந்த கம்பியை அரத்தால் கொஞ்சம் ராவிவிடுங்கள், சார், மைலேஜ் பிய்த்துக்கொண்டு போகும்!" இன்னொருவர், நாலு கொம்பு முளைத்த பிளக்கை நீட்டுவார். விலைக்கும் கொம்பு முளைத்திருக்கும்.

பிளக்கின் வேலைதான் என்ன? சிலிண்டருக்குள் அமுக்கப்பட்ட பெட்ரோலும் காற்றும் கலந்த கலவைக்கு நெருப்பு வைப்பது, அவ்வளவே. அடுப்பு நன்றாகப் பற்றிக்கொண்ட பிறகு, தீப்பெட்டியை மாற்றினால் சோறு சீக்கிரம் வேகுமா? கம்பியை ராவினால் பொறி சற்றுத் திறந்த இடத்தில் விழும். வண்டி நிற்கும்போது இஞ்சின் கொஞ்சம் சீராக ஓடலாம். டாங்கில் பெட்ரோல் மிஞ்சுவது வேறு விஷயம்.

அமெரிக்காவில் 'ஸ்பிளிட்ஃபயர்' என்று பிளந்த கொம்புடன் ஒரு பிளக் அமர்க்களமாக விற்றது. பெட்ரோல் மிச்சம், வேகம் அதிகம் என்ற விளம்பரத்துக்குத் தக்க ஆதாரம் இல்லை என்று அந்நாட்டு மத்திய வர்த்தக கமிஷன் குற்றம் சாட்டியது. 1997-ல் கம்பெனி சமரசத்துக்கு வந்தது.

"என் வண்டியில் கூடியதே!" என்பீர்கள். கூடியிருக்கும். பழைய பிளக் தேய்ந்து, இடைவெளி அகன்று, பொறி விட்டுவிட்டு விழுந்திருக்கும். சாதாரணப் புதுப் பிளக்கே அதைச் சரிசெய்திருக்கும். புகழ் கொம்புக்குப் போய்விட்டது! இன்னொன்று, நம் ஊர்க் காற்று. சாரல் காலத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அது வீசும் வீச்சு உங்களுக்குத் தெரியாததா? மேற்கே போகும்போது எதிர்த்து நிற்கும். திரும்பும்போது முதுகில் கைவைத்துத் தள்ளும். போகையில் பழைய பிளக், வருகையில் புதுப் பிளக் என்று சோதித்தால் எந்தப் பிளக்தான் ஜயிக்காது?

பிளக்கினால் ஆதாயமே இல்லை என்று சொல்ல வரவில்லை. இஞ்சினையே அதற்கென்று அமைத்தால் உண்டு. 2003-ல் பஜாஜ் கம்பெனி பல்ஸரில் ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக் வைத்தது. இரு பக்கமிருந்தும் தீ பரவுவதால் அது ஓட வேண்டிய தூரம் குறைகிறது. பெட்ரோல் குறைந்த மெலிந்த கலவையும் முழுதாக எரிகிறது. இதற்கு மதிப்பு இல்லாமலா கோர்ட்டுக்குப் போனார்கள்? நம் டி.வி.எஸ். 2007-ல் 'ஃபிளேம்' வண்டியை இரண்டு பிளக்குடன் அறிவித்ததும், பேட்டண்ட் தன்னுடையது என்றது பஜாஜ். 2008 பிப்ரவரியில் சென்னை ஹைகோர்ட் தடை விதிக்க, ஃபிளேம் ஒற்றைப் பிளக்குடன் கடைக்கு வந்தது! விற்பனைக் கணக்கை ஒழுங்காக வைத்துக்கொண்டு இரட்டைப் பிளக் வண்டியை விற்கலாம் என்று 2009 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் அனுமதித்தது. வழக்கு சமரசமானது 2019-ல்தான்.

ராவுவதைவிட ஆபத்தானது, மைலேஜ் ஆசையில் சூடு தங்கும் ரகப் பிளக்கை மாட்டுவது. அதன் மூக்கு தணலாகி, பொறி விழுமுன்பே கலவையைப் பற்றவைக்கும். மனைவியையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு புளியரை மேட்டில் ஏறும்போது பிஸ்டன் ஓட்டையானால் என்ன செய்வீர்கள்?

வண்டியோடு வந்த புத்தகத்தில் சொன்ன ரகத்தையே போடுங்கள். இடைவெளியை அளந்து வைக்கச் சொல்லுங்கள். கழற்றும்போது மூக்கைப் பாருங்கள். இளம் காப்பி நிறமானால் சரி. கரி படிந்திருந்தால் பெட்ரோல் வீணாகலாம். வெளுத்துக் கொப்புளித்திருந்தால், மலைப் பக்கம் போகாமல் மெக்கானிக்கிடம் போங்கள்.