கெட்ட பெற்றோர் யார்? – ‘ஃபன்ட்ரி’யை முன்வைத்து

சில மாதங்களுக்கு முன் கல்லூரி மாணவர்கள் சிலரோடு உட்கார்ந்து நாகராஜ் மஞ்சுளேயின் ‘ஃபன்ட்ரி’ பார்த்தேன். சின்ன அறை, சுவரில் கட்டிய வெள்ளை வேட்டி, இரவல் வாங்கிய புரொஜெக்டர். கடைசிக் கல் வந்து திரை இருண்டபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு முதல் கருத்து வந்தது: “பையன் பாவம் தோழர். ஆனா அந்த அப்பாதான் ரொம்ப மோசம். வயசுக்கு வந்த பிள்ளைய இப்படியா அடிச்சு இழுத்துட்டு வருவாரு?” பலரும் தலையாட்டினார்கள். பதின்பருவத்து மனதைப் புரிந்துகொள்ளத் தெரியாத பெற்றோர் என்று பேச்சு நீண்டது. ‘பேரண்டிங்’ என்ற சொல்கூட வந்துவிட்டது.

அந்த மாணவர்கள் சாதி ஒழிய வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறவர்கள். அவர்கள் கண்ணுக்கே அந்தக் குடிசைக்குள் இருக்கும் அப்பன்தான் குற்றவாளியாகத் தெரிந்தான் என்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

படம் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக. 2014 பிப்ரவரியில் திரையரங்குகளுக்கு வந்த மராத்திப் படம். அறிமுக இயக்குநருக்கான தேசிய விருதை மஞ்சுளேவுக்கும், சிறந்த குழந்தை நட்சத்திர விருதைச் சோம்நாத் அவ்கடேவுக்கும் பெற்றுத் தந்தது. மகாராஷ்டிரக் கிராமம் ஒன்றில் கைக்காடி சமூகத்தைச் சேர்ந்த ஜப்யா என்ற பையன். கூடப் படிக்கும் ஷாலு என்ற ஆதிக்கச் சாதிப் பெண்ணின் மேல் அவனுக்கு ஆசை. ஒரு கருங்குருவியைப் பிடித்து எரித்து, அந்தச் சாம்பலை அவள்மீது தூவினால் அவள் தன்னை விரும்புவாள் என்று நம்பிக் காடுமேடெல்லாம் அலைகிறான். அப்பா கச்ருவுக்கு வேறு கவலை. மகள் கல்யாணத்துக்கும் வரதட்சணைக்கும் பணம் வேண்டும். ஊரில் திரியும் பன்றிகளைப் பிடித்துக் கொடுத்தால் காசு கிடைக்கும். குடும்பமே பன்றி விரட்ட இறங்குகிறது. அதுவும் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில், ஜப்யாவோடு படிக்கும் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க.

ஜப்யா ஒளிகிறான். அப்பன் தேடிப் பிடித்து அடிக்கிறான். இந்த அடியைத்தான் நம் தோழர்கள் பார்த்தார்கள். இந்த அடியை மட்டுமே பார்த்தார்கள்.

‘ஃபன்ட்ரி’ என்றால் என்ன? கைக்காடி மொழியில் பன்றி. நம் ‘பன்றி’யேதான். கைக்காடி திராவிட மொழி, தமிழுக்கு நெருங்கிய உறவு. நம் ஊர்க் குறவர்களோடு கிளைவிட்ட மக்கள் மகாராஷ்டிரத்தில் பேசும் மொழி அது. அந்தப் பள்ளிச் சுவரில் ஏறி நின்று மராத்திப் பிள்ளைகள் ஜப்யாவைப் பார்த்துக் கூவும் வசைச்சொல் நம் வீட்டுச் சொல். ஒரு மக்களின் தாய்மொழியிலிருந்து ஒரே ஒரு சொல்லை எடுத்து, அதையே அவர்கள் பெயராக்கி எறிய முடிகிறது என்றால், சாதிக்கு மொழி எல்லை கிடையாது என்றுதான் அர்த்தம்.

இந்த மக்களுக்கு ‘கெட்ட பெற்றோர்’ என்ற பட்டம் புதிதும் அல்ல. நம் தோழர்கள் சொல்வதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே அரசாங்கம் சட்டம் போட்டுச் சொல்லிவிட்டது. 1871இல் வெள்ளை அரசு கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் பிறகு பம்பாய், சென்னை மாகாணங்களுக்கும் விரிந்தது. கைக்காடிகளும் குறவர்களும் அதில் சிக்கினார்கள். குற்றம் ரத்தத்தில் ஓடுகிறது, அப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்குகிறது என்பதுதான் அந்தச் சட்டத்தின் அடிப்படை. சாதித் தொழில் பரம்பரை பரம்பரையாக வரும் என்றால் திருட்டும் அப்படித்தானே வரும் என்று வருணாசிரமக் கணக்கிலேயே வெள்ளைக்காரனும் யோசித்தான். 1897இல் வந்த திருத்தம் இன்னும் ஒரு படி போனது. 4 வயது முதல் 18 வயது வரையுள்ள பையன்களைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தக் குடியிருப்புகளில் வைக்க வழி செய்தது. அதாவது, இவர்கள் பிள்ளை வளர்க்கத் தகுதியில்லாதவர்கள் என்று அரசே முத்திரை குத்தியது. அந்தச் சட்டம் 1952இல்தான் நீங்கியது. முத்திரை நீங்கவில்லை. போலீஸ்காரர் பார்வையிலும் பொதுப்புத்தியிலும் இன்றும் இருக்கிறது.

அதனால், கச்ருவைப் பார்த்து “மோசமான அப்பா” என்று சொல்லும்போது நாம் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. யாரோ எழுதி வைத்த தீர்ப்பையே திரும்ப வாசிக்கிறோம்.

அப்படியானால் கச்ரு செய்தது சரியா? இல்லை. ஒடுக்கப்பட்டவர் வீட்டுக்குள் நடப்பதெல்லாம் புனிதம் என்று நான் சொல்ல வரவில்லை. பிள்ளையை அடிப்பது வன்முறை. படிக்கிற பையனைப் பள்ளி நாளில் பன்றி பிடிக்க இழுப்பது அநியாயம். மகளைக் கட்டிக்கொடுக்க வரதட்சணை சேர்ப்பது ஆணாதிக்கத்துக்குக் கட்டும் வரி. இதையெல்லாம் நம்மைவிடக் கடுமையாக அண்ணல் அம்பேத்கரே சொல்லியிருக்கிறார். 1927இல் மகாடில் கூடிய மக்களிடம், செத்த மாட்டிறைச்சியை விடுங்கள், இழிவைச் சுமத்தும் வேலையை விடுங்கள் என்றார். 1942 ஜூலையில் நாக்பூரில் நடந்த ஒடுக்கப்பட்ட பெண்கள் மாநாட்டில், பிள்ளைகளைப் படிக்க வையுங்கள், தாழ்வு மனப்பான்மையை அவர்கள் மனதிலிருந்து அகற்றுங்கள், அவசரப்பட்டுக் கல்யாணம் செய்து வைக்காதீர்கள் என்று தாய்மார்களிடம் பேசினார். பெற்றோரைத் திருத்தும் பேச்சுதான் அதுவும். ஆனால் அவர் அந்த மக்களில் ஒருவராக நின்று, அவர்களைக் குனிய வைத்தவன் யார் என்பதையும் சேர்த்தே பேசினார். நாம் அந்தப் பாதியை விட்டுவிட்டு மீதிப் பாதியை மட்டும் பேசுகிறோம்.

கிஷோர் கதம் நடித்த கச்ருவின் முகத்தை இன்னொரு முறை பாருங்கள். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் அந்த உடம்பு எப்படிச் சுருங்குகிறது, வீட்டுக்குள் வந்ததும் எப்படி வெடிக்கிறது என்று பாருங்கள். ஊர் சொன்ன வேலையை மறுத்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். மகனுக்குத் தெரியாது. மகன் ஜீன்ஸ் பேண்டுக்குக் கனவு காண்கிறான், திருவிழாவில் புதுச்சட்டை போட்டு ஆட நினைக்கிறான், கடைசியில் தலையில் விளக்கைச் சுமந்து நிற்கிறான். தலை நிமிர்ந்தால் வெட்டுவார்கள் என்று பயந்து, தானே அடித்துக் குனிய வைக்கிறான் அப்பன். அவன் கையில் இருப்பது அவன் குச்சி. அதை ஓங்க வைப்பது ஊர்.

இங்கே ‘உடான்’ படத்தை நினைத்துப் பாருங்கள். 2010இல் வந்த விக்ரமாதித்ய மோட்வானேயின் இந்திப் படம். ஜாம்ஷெட்பூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் கொடூரமான அப்பா, எழுத்தாளனாக ஆசைப்படும் மகன். நல்ல படம்தான். கடைசியில் மகன் தம்பியைக் கூட்டிக்கொண்டு வீட்டைவிட்டுப் போய்விடுகிறான், நமக்கும் மூச்சு வருகிறது. அந்தப் பையனின் சிக்கல் அப்பாவோடு முடிகிறது. அப்பாவைத் தாண்டினால் உலகம் திறந்திருக்கிறது. ஜப்யா எங்கே ஓடுவான்? அப்பனைத் தாண்டினால் ஊர் நிற்கிறது. பதின்பருவக் கதைகளில் வழக்கமாக வரும் ‘புரிந்துகொள்ளாத பெற்றோர்’ என்ற சட்டகத்தை எடுத்து ‘ஃபன்ட்ரி’க்கு மாட்டுகிறவர்கள், படத்திலிருந்து ஊரையே கழற்றிவிடுகிறார்கள்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். ‘ஃபன்ட்ரி’யில் கெட்ட பெற்றோர் யாருமே இல்லையா? இருக்கிறார்கள். அவர்கள் திரையில் பெற்றோராக வருவதே இல்லை. அந்தப் பள்ளிச் சுவர் ஓரமாக நின்று சிரித்துக் கூவுகிற பிள்ளைகளைப் பாருங்கள். சீருடை, புத்தகப் பை, தலை சீவி அனுப்பிய அம்மா. தேசிய கீதம் கேட்டதும் பன்றியை விட்டுவிட்டு அசையாமல் நிற்கிறது ஜப்யாவின் குடும்பம். பன்றி தப்பிவிடுகிறது. கீதம் முடிந்ததும் அதே பள்ளிப் பிள்ளைகளின் கும்மாளம் தொடங்குகிறது. அம்பேத்கரும் சாவித்திரிபாயும் வரைந்திருக்கும் அதே பள்ளிச் சுவரைக் கடந்துதான் பன்றியைக் கம்பில் கட்டிச் சுமந்து போகிறார்கள். பாடத்தில் இல்லாத ஒரு பாடத்தை அந்தப் பிள்ளைகளுக்கு யார் நடத்தினார்கள்? யாரைப் பார்த்துச் சிரிக்கலாம், யாரைப் பார்த்து எழுந்து நிற்க வேண்டும் என்று சோற்றோடு சேர்த்து ஊட்டியது யார்? அவர்கள் பிள்ளைகளை அடித்திருக்க மாட்டார்கள். பாசமாகத்தான் வளர்த்திருப்பார்கள். எந்த விமர்சனத்திலும் அவர்கள் பெயர் வராது.

இது மராத்திக்காரர்கள் பிரச்சினை என்று தள்ளிவிட முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புப் பட்டியல் சாதி மாணவர் ஒருவரை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்களும் பள்ளிச் சிறுவர்கள். உடனே என்ன பேசினோம்? செல்போன், சினிமா, கண்டிக்காத ஆசிரியர். அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் வண்ணக் கயிற்றைத் தடை செய், பள்ளிப் பெயர்களில் இருக்கும் சாதியை எடு என்று பரிந்துரைத்தது. தேவையான பரிந்துரைகள், உடனே நிறைவேற்ற வேண்டியவை. ஆனால் கயிற்றின் நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று அந்தப் பையன் பள்ளிக்கூடத்திலா முதன்முதலில் கற்றான்? வாசலில் கழற்றச் சொன்னால் கழற்றிப் பைக்குள் வைப்பான். சாயங்காலம் வீட்டில் மறுபடி கட்டிக்கொள்வான், அம்மா அப்பா கண் முன்னால்.

மஞ்சுளே தன் அடுத்த படத்தில் இந்தப் ‘பாசமான’ வீட்டுக்குள்ளேயே போனார். 2016 ஏப்ரல் 29 அன்று ‘சைராட்’ வந்தது. உடுமலைப்பேட்டையில் சங்கர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டு அப்போது ஏழு வாரம்கூட ஆகவில்லை. ‘சைராட்’டின் முடிவு நினைவிருக்கிறதா? ஆர்ச்சியின் அண்ணனும் உறவுக்காரர்களும் பிறந்த வீட்டுச் சீரோடு வருகிறார்கள். அவள் மகிழ்ந்து தேநீர் போட்டுத் தருகிறாள். சீர் கொண்டுவந்த அதே கைகள்தான் கொல்கின்றன. பாசம் ஒரு பக்கம், சாதி வெறி இன்னொரு பக்கம் என்று இரண்டு தனித்தனிப் பொருள்கள் அங்கே இல்லை. நம் ஊரிலும் ஒவ்வொரு சாதி ஆணவப் படுகொலைக்குப் பிறகும் என்ன சொல்கிறார்கள்? “பெத்தவங்க மனசு எவ்வளவு வேதனைப்பட்டிருக்கும்?” கொலைகாரனுக்கு ‘பெற்ற மனம்’ கிடைக்கிறது. பன்றி பிடிக்கும் கச்ருவுக்கு ‘மோசமான அப்பன்’ பட்டம் கிடைக்கிறது. இந்தத் தராசை யார் செய்தார்கள்?

இளைய தோழர்களுக்குக் கடைசியாக ஒன்று. ஜப்யா எறிந்த கல் நேராகக் கேமராவுக்கு வருகிறது, “அது நம்மீது விழுந்த கல்” என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். எழுதிப் பகிர்வதில் ஒரு சுகம்கூட இருக்கிறது. கல் உண்மையிலேயே பட்டிருந்தால் வலிக்க வேண்டிய இடம் வீடு. உங்கள் வீட்டில் துப்புரவுப் பணியாளருக்குத் தண்ணீர் எந்தக் குவளையில் போகிறது? குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமா போடும் சாதிப் பெருமைப் பதிவுக்குக் கட்டைவிரல் போட்டுவிட்டு நகர்கிறீர்களா? அக்காவுக்கு வரன் தேடும்போது “நம்மாளுங்களா பாருங்க” என்று அம்மா சொன்னால், அது கொல்லும் சொல் என்று அம்மாவிடம் சொன்னதுண்டா?

“அவங்க பழைய ஆளுங்க தோழர், மத்தபடி நல்லவங்க” என்று பதில் வரும். தெரியும். நல்லவர்கள்தான், உங்களுக்கு. ஜப்யாவுக்கு அவர்கள் யார் என்பதுதான் கேள்வி. கச்ருவைத் திருத்த வேண்டிய வேலையை ஜப்யாவும் அவன் மக்களும் பார்த்துக்கொள்வார்கள். அம்பேத்கர் காலத்திலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நம் சாப்பாட்டு மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கும் அன்பான அப்பா அம்மாவோடு சண்டை போட வேண்டியது நாம்தான். அந்தச் சண்டை போடாமல் எந்தப் பிள்ளையும் வயதுக்கு வருவதில்லை.