இருபுறமும் முகம்
வங்காளத்து காந்தா போர்வையைப் புதுத்துணியில் தைத்து விற்பதை என் மனம் ஏற்பதில்லை. அது பழம்புடவையில் பிறந்த பொருள். துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்திப் புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அவற்றின் கரையிலிருந்தே வண்ண நூலை உருவி, ஓட்டுத்தையல் போட்டு இணைப்பார்கள். பாட்டியின் புடவையும் அம்மாவின் புடவையும் ஒரே ஊசியில் சேர்வது இப்படித்தான். 'தோருகா' வகையில் வேலை இன்னும் கடினம்: பூவும் கொடியும் இருபுறமும் ஒன்றுபோலத் தெரிய வேண்டும், எது முன்பக்கம் என்று கேட்க இடமிருக்கக் கூடாது. மாதக்கணக்கில், சிலவற்றுக்கு வருடக்கணக்கில் ஆகும். 19ஆம் நூற்றாண்டில் மானதாசுந்தரி தாசி தன் தந்தைக்காகத் தைத்த காந்தா கொல்கத்தாவின் குருசதய் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தன் பெயரையும் அதில் ஊசியாலேயே எழுதினார் அவர். அவரைப் போலத் தைத்த எத்தனையோ பெண்களின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அதை நினைத்தால் வலிக்கிறது. குடும்பத்துக்கென்று ஒன்று தைக்க உட்காருகிறவர்களே, பீரோவில் மடித்துக் கிடக்கும் புடவைகளைக் கத்தரிக்கத் தயங்காதீர்கள். எது யாருடையது என்று ஓரத்தில் தையலிலேயே பெயர் போடுங்கள், தைத்த உங்கள் பெயரையும் சேர்த்து. பிறகு பூட்டி வைக்காமல் பிள்ளைகளுக்குப் போர்த்துங்கள்.