மறைக்கும் போர்வையும் குளிர்விக்கும் கூரையும்

பொருளின் குணம் அப்பொருளிலேயே உளதென்பது நாம் இளமை முதற் கொண்ட எண்ணம். ஆயின், மயிற்பீலியின் நீலம் சாயத்தால் வந்ததன்று. கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய அமைப்பு ஒளியலைகளைத் திருப்பிவிடுதலால் தோன்றுவது. சீர்களை மாற்றி நிறுத்தத் தளை வேறுபட்டு ஓசையும் வேறுபடுதல் போல, அடுக்கும் முறை வேறுபடின் ஒளியை ஆளுந் திறமும் வேறுபடும். அவ்வாறு மனிதன் வேண்டியாங்கு நுட்பமாக அடுக்கிச் சமைத்த பொருள்களையே அறிவியலார் ‘மெட்டாமெட்டீரியல்’ என்பர். ‘மெட்டா’ என்னுங் கிரேக்கச் சொற்கு ‘அப்பால்’ என்பது பொருள்.

ஒளியை வழக்கத்திற்கு மாறான பக்கத்தில் வளைக்கும் பொருளொன்று இருக்குமாயின் அதன் இயல்பு யாதாகும் என 1967-ல் கணக்கிட்டு எழுதினார், உருசிய நாட்டு விக்டர் வெசெலாகோ. முப்பதாண்டுவரை அதனைப் பொருட்படுத்தினோர் சிலரே. 2006-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக் கழகத்தார், இங்கிலாந்தின் ஜான் பெண்டிரி வகுத்த கொள்கையைத் துணைக்கொண்டு, ஒரு செப்பு உருளையை மைக்ரோ அலைகளினின்று ஒருவாறு மறைத்துக் காட்டினர். அன்று தொட்டுச் செய்தித்தாள்கள் ‘மாயப் போர்வை’ என்றே முழங்குகின்றன. அப்போர்வை நம் கண்ணுக்கு எதனையும் மறைத்திலது. மறைப்பினுந்தான் என்ன? உலகில் ஒளிந்துகொள்ள விரும்புவோர் எத்துணையர், வெயிலில் வாடுவோர் எத்துணையர்?

யான் போற்றுவது வேறொன்று. எப்பொருளும் தன் வெப்பத்தைக் கட்புலனாகா அலைகளாக உமிழ்ந்தவண்ணம் உளது. அவற்றுட் பலவற்றைக் காற்றிலுள்ள நீராவி முதலியன தடுத்துவிடினும், 8 முதல் 13 மைக்ரான் வரை நீளமுள்ள அலைகள் பெரும்பாலும் தடையின்றி வானவெளிக்கு ஏகும். இவ்வாயில் நம் நாட்டார்க்குப் புதிதன்று. அலகாபாத்தில் குளிர்கால இரவுகளில், உலர்ந்த தட்டைகள் பரப்பிய குழிகளில் மட்கலங்களை வைத்து நீரைப் பனிக்கட்டியாக்கியதை இராபர்ட் பார்க்கர் 1775-ல் இலண்டன் ராயல் சங்கத்திற்கு எழுதினார். எனினும் அஃது இரவிற்கே இயன்றது. பகலில், வெளியேறும் வெப்பத்தினும் கதிரவன் தருவது மிகுதியன்றோ!

அத்தடையை 2014-ல் வென்றவர் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்து ஆஸ்வத் இராமன், ஷான்ஹுய் பான் முதலியோர். வெள்ளியின்மேல் மிக மெல்லிய ஏழு அடுக்குகளைப் படிவித்து, வெயிலில் 97 விழுக்காட்டைத் திருப்பி, நேர் வெயிலிலேயே அத்தகடு சூழ்ந்த காற்றினும் 4.9 பாகை குளிர்ந்திருக்கச் செய்தனர். மின்சாரம் சிறிதும் வேண்டியதில்லை. 2017-ல் கொலராடோ பல்கலைக் கழகத்தார் நுண்ணிய கண்ணாடி மணிகளைப் பிளாஸ்டிக்கிற் கலந்து, பின்புறம் வெள்ளி பூசி, 50 மைக்ரான் கனமுள்ள தாளைச் சுருள் சுருளாகவே செய்தனர். அது நண்பகலில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 93 வாட் அளவு வெப்பத்தை வெளியேற்ற வல்லதாயிற்று. அறையைக் குளிர்விக்கும் இயந்திரமோ வெப்பத்தைத் தெருவிற் கொட்டுகின்றது. உள்ளே செல்வர் குளிர்ந்திருக்க, வெளியே வழிப்போக்கர் வெந்து நடக்கின்றனர். இத்தாள் அதனை உலகிற்கு அப்பாலே அனுப்புகின்றது. ‘அப்பால்’ என்னும் பெயர் இதற்கே பொருந்தும் என்பேன்.

குறையும் உண்டு. ஈரம் மிக்க காற்றில் அவ்வாயில் சுருங்கும். மேகம் மூடின் அடைபடும். தூசி படியின் வெயிலைத் திருப்புந் திறன் குன்றும். கடலோர ஊர்களில் பயன் குறையும் என்பாரை யான் மறுக்கவில்லை.

தமிழ் பயில்வோனுக்கு இதிலென்ன வேலை என நண்பர் சிலர் நகைத்தனர். சித்திரை இரவில் விடுதி மேன்மாடியில் புழுங்கிக் கிடப்பார்க்கு எவ்வகுப்பாயின் என்? பௌதிக வகுப்பு நண்பர்காள், அத்தகைய தாளொன்றையும் சுண்ணாம்பு பூசிய ஓடொன்றையும் மாடியில் அருகருகே வைத்து, கோடையிலும் கார்த்திகை மழையிலும் வெப்பமானி கொண்டு அளந்து குறித்து வையுங்கள். வேறுபாடு அரைப் பாகையே யாயினும், அடுத்த ஆண்டு இவ்விதழில் அதனை அவ்வாறே வெளியிடுங்கள்.