தாயத்தா, ஒப்பந்தமா?

"ஐயா! இதிலே ஒரு கையெழுத்து மட்டும் போடுங்கள். ஓராண்டுக்கு ஏசியைப் பற்றிய கவலையே வேண்டாம்!"

கவலையே வேண்டாம் என்று ஒருவன் சொன்னால், எவருக்குத்தான் பேனாவைத் தேடத் தோன்றாது? நம் தெருவிலுள்ள ஓய்வுபெற்ற தமிழாசிரியருக்கும் தோன்றிற்று. ஏசி வாங்கி ஏழு மாதந்தான் ஆகியிருந்தது. வந்தவர் கழுத்திலே அட்டை, கையிலே கைப்பேசி, நாவிலே தேன். ஒப்பந்தத் தொகை 2,500 ரூபாய், அதன் மேல் நூற்றுக்குப் பதினெட்டு வீதம் வரி 450, ஆகமொத்தம் 2,950. ஆசிரியர் கொடுத்தார். கட்டுரை நோட்டிலே ஒரு சந்திப்பிழையையும் தப்பவிடாத அந்தக் கண்கள், அன்று நான்கு பக்க ஒப்பந்தத்தை ஒரு வரிகூடப் படிக்கவில்லை. படிக்க முடியவில்லை. அது ஆங்கிலத்தில் இருந்தது. எறும்பு எழுத்தில் இருந்தது.

அடுத்த ஆண்டு அக்கினி நட்சத்திரம் வந்தது. ஏசி ஓடிற்று, காற்று வந்தது, குளிர் வரவில்லை. தொலைபேசியில் அழைத்தார். முதலில் இந்தி பேசிற்று இயந்திரம்! எண்ணை அழுத்தி, பாட்டுக் கேட்டு, மறுபடி எண்ணை அழுத்தி, ஐந்தாம் நாள் ஒரு தம்பி வந்தார். "கேஸ் போய்விட்டது ஐயா. உங்களது லேபர் ஒப்பந்தம். கேஸுக்குத் தனியாகக் கட்டவேண்டும்" என்றார். இந்தத் தம்பி பொய் சொல்லவில்லை. மூன்றாம் பக்கத்தில் அப்படித்தான் அச்சிட்டிருந்தது.

தோழர்கள் சிலர் கேட்கக்கூடும்: "ஏசி மாளிகைவாசியின் மகிழ்ச்சிப் பொருளாயிற்றே, ஏழைக்குப் பாடுபடும் ஏட்டுக்கு அதிலே என்ன வேலை?" என்று. அந்தக் காலம் மலையேறிவிட்டது. மேலே வெயில் காயும் மொட்டைமாடி, கீழே இரண்டு அறை, ஒரு சன்னல். அதிலே பிள்ளை தேர்வுக்குப் படிக்கவேண்டும், வயதான தாய் உறங்கவேண்டும். ஆட்டோ ஓட்டுபவரும் தவணையிலே ஏசி வாங்குகிறார். வாங்கியது ஆடம்பரத்துக்கல்ல, உறங்குவதற்கு. இந்த இயந்திரமே மனிதனுக்காகப் பிறந்ததல்ல என்பதும் வேடிக்கை. 1902இல் அமெரிக்காவின் புரூக்ளினில், ஓர் அச்சகத்தின் காகிதம் ஈரக்காற்றில் நெளியாதிருக்க வில்லிஸ் கேரியர் வடிவமைத்துத் தந்தது அது. அச்சகத்துப் பிள்ளை, ஆகவே ஏட்டுக்காரர் நமக்கு ஒருவகையில் உறவு!

சரி, இந்த ஒப்பந்தம் தேவைதானா?

பராமரிப்பு தேவை. அதிலே ஐயமில்லை. ஃபில்டரில் தூசி அடைத்தால் காற்று குறையும். காற்று குறைந்தால் உள்ளே இருக்கும் காயில் பனி பிடிக்கும். பனி உருகினால் சுவரெல்லாம் தண்ணீர். வெளியே இருக்கும் பெட்டியின் காயில் அழுக்கேறினால் வெப்பம் வெளியேற வழியின்றிக் கம்ப்ரெஸர் திணறும். திணறலுக்கான கட்டணம் மின்சாரச் சீட்டில் வரும். ஆயுத பூசையன்று ஏசிக்குச் சந்தனப் பொட்டு வைக்கிறார்களே, அந்தப் பொட்டு ஃபில்டரைக் கழுவாது! ஃபில்டரைக் கழுவ வேண்டியது நாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, குழாயடியில் காட்டி, நிழலில் உலர்த்தி மாட்டினால் போதும். கோடைக்கு முன் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை, தெரிந்த மெக்கானிக்கை அழைத்து வாட்டர் சர்வீஸ் செய்துகொண்டால் சாதாரண வீட்டுக்கு அதுவே தாராளம். நம் பகுதியில் ஒரு தடவைக்கு 700 ரூபாய் கேட்கிறார்கள். இரண்டு தடவைக்கு 1,400. ஆசிரியர் கட்டியதோ 2,950!

அதுமட்டுமா? ஒப்பந்தம் போட்ட அன்று அந்த ஏசிக்கு முதலாண்டு உத்தரவாதம் இன்னும் ஐந்து மாதம் இருந்தது. பழுது வந்தால் கம்பெனியே இலவசமாகப் பார்த்திருக்கும். பல கம்பெனிகள் கம்ப்ரெஸருக்கு மட்டும் 10 ஆண்டு உத்தரவாதம் தருகின்றன. இருக்கிற குடைக்கு மேலே இன்னொரு குடை விற்றார்கள். மழை வந்தபோது இரண்டுமில்லை.

"எல்லாம் அடங்கிய ஒப்பந்தம் இருக்கிறதே, உதிரிபாகமும் கேஸும் சேர்த்து?" என்பார்கள். உண்டு. விலையும் உண்டு. ஆண்டுக்கு வரியோடு 5,900 என்று வைத்துக்கொள்வோம். வாட்டர் சர்வீஸுக்கான 1,400ஐக் கழித்தால், வராத பழுதுக்காக ஆண்டுக்கு 4,500, மூன்றாண்டில் 13,500. அந்தப் பணத்தைத் தனியே எடுத்து வைத்தால், கெப்பாசிட்டர் போனாலும், கேஸ் போனாலும், போர்டே போனாலும் அதிலிருந்து செலவழிக்கலாம். எதுவும் போகாவிட்டால் பணம் நம்மிடம். இதைத்தான் நாம் தாயத்து வியாபாரம் என்கிறோம். பேய் பிடிக்கும் என்று அச்சமூட்டி விற்பது தாயத்து. பிடிக்காவிட்டால் தாயத்தின் மகிமை. பிடித்துவிட்டாலோ, "கட்டிய முறை சரியில்லை" என்பான் பூசாரி. "அந்தப் பாகம் இதில் சேராது" என்பான் கம்பெனிக்காரன்.

ஆனாலும் ஒரே கோலால் எல்லாரையும் அளப்பது நேர்மையாகாது. பட்டினப்பாக்கத்திலும் திருவான்மியூரிலும் கடலுக்கு எதிரே குடியிருப்போருக்கு உப்புக்காற்று காயிலை அரித்துத் தின்கிறது. உத்தரவாதம் முடிந்து, ஏழெட்டு ஆண்டு ஓடிய இயந்திரம் அங்கே இருந்தால், காயிலும் கேஸும் சேரும் என்று எழுத்திலே தருகிற ஒப்பந்தம் ஆதாயந்தான். பிள்ளைகள் வெளிநாட்டிலிருக்க, யாரை அழைப்பது என்று தெரியாமல் தனித்திருக்கும் முதியோருக்கும் அப்படியே. அவர்கள் வாங்குவது ஆள்துணை. அதற்கு விலை கொடுக்கலாம். துணை வருகிறதா என்று மட்டும் பார்க்கவேண்டும்.

கேஸைப் பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும், ஏமாற்று அங்கேதான் அதிகம். "கேஸ் குறைந்திருக்கிறது, ஆண்டுதோறும் குறையும்" என்று எவராவது சொன்னால் நம்பாதீர்! கேஸ் பெட்ரோலல்ல, எரிந்து தீர்வதற்கு. உடம்பில் இரத்தம் போல் மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை என்று பொருள். ஓட்டையைக் கண்டுபிடித்து, பற்றவைத்து, நைட்ரஜன் அடைத்துச் சோதித்து, குழாயை வெற்றிடமாக்கி, வெளிப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவுக்கு எடைபோட்டு ஏற்றுவதே முறை. ஓட்டையை விட்டுவிட்டுக் கேஸை மட்டும் ஏற்றுவது, ஓட்டைக் குடத்துக்குத் தண்ணீர் சுமப்பது! ஆசிரியரிடம் இதைச் சொன்னோம். "ஓட்டை எங்கே?" என்று அவர் கேட்ட பிறகுதான், திருகுமுனையில் சோப்பு நுரை வைத்துப் பார்த்தார்கள். குமிழி வந்தது.

இதற்கெல்லாம் அந்தத் தம்பியைக் குறைசொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஐ.டி.ஐ.யில் இரண்டாண்டு படித்தவர். கம்பெனியின் சட்டை போட்டிருக்கிறார், கம்பெனியின் ஆளல்லர். ஏஜென்ஸிக்காரர் வீட்டுக் கணக்கில் கூலி தருகிறார். மே மாத நண்பகலில் நான்காம் மாடிச் சன்ஷேடில், இடுப்பில் பெல்ட்டுமின்றி, ஒரு கையால் கம்பியைப் பிடித்து மறு கையால் திருகு முடுக்குகிறார். நாம் கட்டிய 2,950இல் அவருக்கு ஒரு பெல்ட் வாங்கித் தர ஏன் மனமில்லை முதலாளிக்கு? ஏசியின் உயிருக்கு ஒப்பந்தம் உண்டு. ஏசியைக் காக்கும் மனிதனின் உயிருக்கு?

1956இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. அரசுக் கோப்பிலே தமிழ் ஏறிற்று. தமிழ்நாட்டில், தமிழனிடம், தமிழனின் பணத்தை வாங்கும் ஒப்பந்தம் மட்டும் இன்னும் ஆங்கிலத்திலா? எது சேரும், எது சேராது, எத்தனை நாளில் வருவார்கள், வராவிட்டால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்ற நான்கையும் முதல் பக்கத்திலே, பெரிய எழுத்திலே, தமிழிலே அச்சிடச் சொல்கிறோம். அச்சிடாதவனுக்குக் கையெழுத்தில்லை என்று வாங்குவோர் சொல்லட்டும். சொன்னபடி வராதவன் மீது, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று வழக்குத் தொடுக்கலாம். 5 லட்சம் வரையிலான வழக்குக்கு ஆணையத்தில் கட்டணமும் இல்லை. 1915 என்ற எண்ணில் அழைத்தும் முறையிடலாம்.

ஆசிரியர் இவ்வாண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. தெருவிலே பதினொரு வீட்டைச் சேர்த்தார். அதே தம்பியை ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லி, வீட்டுக்கு 600 என்று பேசினார். இடையிலே ஏஜென்ஸி இல்லை. எல்லாருமாகக் காசு போட்டு முதலில் வாங்கியது ஒரு பெல்ட்டும் கயிறும். நிபந்தனைகளை ஆசிரியரே ஒரு பக்கத் தாளில் எழுதினார், தமிழில். சந்திப்பிழை ஒன்றுகூட இல்லை.